ஒரு கோடி ரூபாய் வீட்டுக்குக் கையில் எவ்வளவு பணம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கொஞ்சம் நல்ல இடத்தில், இரண்டு மூன்று படுக்கையறையோடு ஒரு பிளாட் என்று விசாரித்தாலே இன்று பேச்சு ஒரு கோடியில்தான் தொடங்குகிறது. வாங்க நினைப்பவர்களோ இன்னும் பழைய கணக்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்: "இருபது பர்சென்ட் நம்ம கையில இருந்தா போதும், மிச்சத்தை பேங்க் குடுத்துடும்." 40 லட்ச ரூபாய் வீட்டுக்கே அந்தக் கணக்கு உதைக்கும். ஒரு கோடி வீட்டுக்கு அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரப் பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நகையை எடுத்துக்கொண்டு அலைபவர்கள் நிறைய. அந்த அலைச்சல் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

கீழே வரும் கணக்குகள் தமிழ்நாட்டில் வாங்கும் வீட்டுக்கானவை. மாதத் தவணையை 8.5% வட்டி, 20 வருடம் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். உங்கள் வங்கியின் வட்டி இதைவிடக் குறைவாக இருந்தால் நல்லதுதான். திட்டம் போடும்போது கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு நான் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பழைய பிளாட் அல்லது தனி வீடு என்றால் 36 முதல் 38 லட்சம். 20 லட்சமும் போதாது, 25 லட்சமும் போதாது.

விலையில் 25 லட்சம் உங்கள் பங்கு. பத்திரப் பதிவுக்கு 9 லட்சம். இதிலேயே 34 ஆகிவிட்டது. புரோக்கர் மூலம் வந்த வீடு என்றால் 1 அல்லது 2 சதவிகிதம் கமிஷன், அதாவது ஒன்று முதல் இரண்டு லட்சம். வங்கியின் பிராசஸிங் கட்டணம், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி., வக்கீலின் லீகல் ஒப்பீனியன், வேல்யுவேஷன் கட்டணம், அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் எம்.ஓ.டி. செலவு என்று தனித்தனியாகச் சின்னதாகத் தெரிபவை எல்லாம் சேர்ந்து இன்னொரு லட்சத்தை நெருங்கும். அப்புறம் பெயிண்ட், பிளம்பிங், வீடு மாற்றும் லாரி.

இது வீடு வாங்கும் நாள் வரைக்குமான பணம்தான். வாங்கிய பிறகு கையில் இருக்க வேண்டியது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் 20% என்கிறார்கள். 25% எங்கிருந்து வந்தது?

ரிசர்வ் வங்கியின் விதியிலிருந்து. வீட்டின் மதிப்பில் எத்தனை சதவிகிதம் வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி மூன்று படிகள் வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80%. 75 லட்சத்தைத் தாண்டிய கடன் என்றால் 75% மட்டும். மேல்படிக்கான இந்த 75% வரம்பு 2013-லிருந்து இருக்கிறது. 90% சலுகையை 30 லட்சம் வரை விரித்தது 2015-இல். அதற்கு முன் அது 20 லட்சம் வரைக்கும்தான்.

அரசு வங்கி, தனியார் வங்கி, ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி எல்லோருக்கும் இதே வரம்புதான். ஆகவே "வேற பேங்க்ல தொண்ணூறு பர்சென்ட் வாங்கித் தரேன் சார்" என்று ஒரு கோடி வீட்டுக்கு யாராவது சொன்னால், அதில் ஒரு பகுதியைத் தனிநபர் கடனாகவோ வேறு ஏதோ ஒரு பெயரிலோ சேர்க்கப் போகிறார் என்று அர்த்தம். எந்தப் பெயரில், எந்த வட்டியில் என்று கேளுங்கள்.

அந்த 75 லட்சம் என்பது வீட்டின் விலையா, கடன் தொகையா?

கடன் தொகை. பலரும் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "வீடு 75 லட்சத்தைத் தாண்டினால் 25% போட வேண்டும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 64 லட்சம் கடன் கிடைக்கும். அந்தக் கடன் 75 லட்சத்துக்குள் இருப்பதால் 80% விதிதான் பொருந்தும்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான இடைவெளி பிறக்கிறது. விலை பேசுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். 80% விதிப்படி 75 லட்சம் கடன் கிடைக்க வேண்டுமென்றால் வீட்டின் மதிப்பு 93.75 லட்சம் இருக்க வேண்டும். சரி, வீடு ஒரு கோடி என்றால்? 80% போட்டால் 80 லட்சம் வருகிறது. அது 75 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் 75% விதிக்கு மாறுகிறது. ஒரு கோடியில் 75% மறுபடியும் 75 லட்சம்தான். ஆக, 93.75 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை வீட்டின் விலை எவ்வளவு ஏறினாலும் உங்களுக்குக் கிடைக்கும் கடன் 75 லட்சத்திலேயே நிற்கும். இடையில் ஏறும் 6.25 லட்சமும் முழுக்க முழுக்க உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்குப் பத்திரச் செலவு 9% சேர்த்தால் கிட்டத்தட்ட 7 லட்சம்.

கீழே இருக்கும் விலைகளில் அப்படி இல்லை. 80 லட்சத்திலிருந்து 86.25 லட்சத்துக்குப் போனால், அதே 6.25 லட்சத்தில் 5 லட்சத்தை வங்கி ஏற்றுக்கொள்ளும்.

அதனால் ஒரு வீடு 98 லட்சம், 1 கோடி என்று பேச்சில் இருக்கும்போது விலையை 94 லட்சத்துக்குக் கொண்டுவர முடிந்தால், குறைத்த ஒவ்வொரு ரூபாயும் உங்கள் சேமிப்பில் அப்படியே தங்கும். இந்த இடத்தில் பேரம் பேசக் கூச்சப்படவே கூடாது. "நாலு லட்சத்துக்காக வீட்டை விடுவாங்களா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது கடனில் சேர்ந்து இருபது வருடத்தில் கரையும் நாலு லட்சம் இல்லை. அடுத்த மாதமே கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய நாலு லட்சம்.

இதே மாதிரி ஒரு இடைவெளி 30 லட்சம் கடனிலும் உண்டு. அங்கே 33.33 லட்சம் விலையிலிருந்து 37.5 லட்சம் வரை கடன் 30 லட்சத்தில் நிற்கும்.

பத்திரச் செலவு உண்மையில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. மொத்தம் 9%. விற்பனை விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இதைக் கட்ட வேண்டும்.

கட்டுநரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் புதிய பிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு கணக்கு. நிலத்தின் பிரிவுபடாத பாகத்துக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் பதிவு செய்தது போய், நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவாகிறது. 50 லட்சம் வரை 6%. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7%. அதற்கும் மேல் 9%. ஆக, ஒரு கோடி புதிய பிளாட்டுக்கு 7 லட்சம், அதே விலையில் பழைய பிளாட்டுக்கு 9 லட்சம்.

மனைவி பெயரில் பதிவு செய்தால் சலுகை உண்டா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் வாங்கும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை இருக்கிறது. ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு மட்டும். நாம் பேசும் விலைக்கு உதவாது. மனைவி பெயரையும் சேர்த்து வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதற்காகச் செய்யுங்கள்.

பத்திரச் செலவையும் கடனில் சேர்க்க முடியாதா?

முடியாது. வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் விலக்கு. அதனால்தான் விலை ஏற ஏறக் கைப்பணம் இரண்டு பக்கமும் ஏறுகிறது. உங்கள் பங்கின் சதவிகிதம் கூடுகிறது, கடனில் சேராத 9 சதவிகிதமும் கூடவே பெருகுகிறது.

பழைய பிளாட், ரெடியான புதிய பிளாட், கட்டிக்கொண்டிருப்பது. எதில் கைப்பணம் குறைவு?

மூன்றும் ஒரு கோடி என்று வைத்துக்கொண்டு, புரோக்கர், வங்கிக் கட்டணம் எல்லாம் நீக்கிப் பார்ப்போம்.

பழைய பிளாட்: 25 லட்சம் + பதிவு 9 லட்சம் = 34 லட்சம்.
கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்: 25 லட்சம் + ஜி.எஸ்.டி. 5 லட்சம் + பதிவு 7 லட்சம் = 37 லட்சம்.
பணிநிறைவுச் சான்றிதழ் வாங்கிய, இன்னும் விற்காத புதிய பிளாட்: 25 லட்சம் + பதிவு 7 லட்சம் = 32 லட்சம்.

பணிநிறைவுச் சான்றிதழுக்குப் பிறகு விற்கும் பிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டுமானத்தில் இருப்பதற்கு 5%. அதை 1 சதவிகிதமாகக் குறைக்கும் சலுகை 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்குத்தான். ஜி.எஸ்.டி.யை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பதை உங்கள் வங்கியில் முதலிலேயே கேட்டு, சாங்ஷன் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

காகிதத்தில் ரெடியான புதிய பிளாட்தான் மலிவு. ஆனால் கட்டுநர் அதன் விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்திருப்பார். கட்டிக்கொண்டிருப்பதன் பெரிய சங்கடம் இந்தக் கூட்டலில் தெரியாது. வாடகையும் கடன் வட்டியும் ஒரே நேரத்தில் ஓடும். 75 லட்சத்தில் பாதியை வங்கி விடுவித்திருந்தால் மாத வட்டி மட்டும் சுமார் 26,500. அதோடு நீங்கள் இப்போது இருக்கும் வீட்டு வாடகை. ஒப்படைப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் இந்த இரட்டைச் சுமையும் ஒரு வருடம் நீளும். அந்த ஒரு வருட வாடகையையும் சேர்த்தே கைப்பணத்தைத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. புதிய பிளாட் வெறும் சுவரோடுதான் வரும். சமையலறை அலமாரி, வார்ட்ரோப், மின்விசிறி, கொசுவலை எல்லாம் நம் செலவு. பராமரிப்புக்கான கார்பஸ் தொகை, கார் பார்க்கிங், மின் இணைப்பு, குடிநீர் இணைப்புக் கட்டணம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்காரர் 1.10 கோடி கேட்கிறார். வங்கி வேல்யுவர் ஒரு கோடிதான் போட்டிருக்கிறார். இப்போது என்ன?

விலை, வேல்யுவரின் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி கணக்குப் போடும். 1.10 கோடிக்கு 82.5 லட்சம் எதிர்பார்த்திருப்பீர்கள். கிடைப்பது 75. ஏழரை லட்சம் துண்டு விழும்.

பழைய அடுக்ககங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கட்டடத்தின் வயது, அனுமதித்த வரைபடத்துக்கு மேல் கட்டிய பகுதி, பில்ட்-அப் அளவுக்கும் பத்திரத்தில் உள்ள அளவுக்கும் வித்தியாசம் என்று வேல்யுவர் குறைப்பதற்குப் பல காரணங்கள். மூடிய பால்கனியை அறையாகக் காட்டி விற்பவர் அதற்கும் சேர்த்து விலை சொல்வார். வேல்யுவர் வரைபடத்தில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார். பெரிய அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வேல்யுவேஷனை முடித்துவிட முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. விலை பேச அதுவே நல்ல ஆயுதமும் ஆகும்.

"எழுபத்தஞ்சுக்குப் பத்திரம் போடலாம், மிச்சத்தைக் கேஷா குடுங்க" என்கிறார்கள். பத்திரச் செலவு மிச்சம்தானே?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி வீட்டைப் பத்திரத்தில் 75 லட்சம் என்று காட்டினால், பதிவுச் செலவு 6.75 லட்சம். 2.25 லட்சம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் வங்கி 75 லட்சத்தில் 80% தரும். அதாவது 60 லட்சம். நீங்கள் எடுத்து வைக்க வேண்டியது 40 லட்சமும் பதிவுச் செலவும் சேர்த்து 46.75 லட்சம். நேர்மையாகப் பதிவு செய்தால் 34 லட்சம் போதும். ஆக, பன்னிரண்டே முக்கால் லட்சம் கூடுதலாக, அதுவும் 25 லட்சத்தை ரொக்கமாகப் புரட்ட வேண்டும்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அதை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 75 லட்சம் என்றுதான் ஆவணம் சொல்லும். இன்றைய விற்பவரின் வரியையும் சேர்த்து நீங்கள் கட்டுவீர்கள். இப்படிக் கேட்கும் வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பாருங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து.

டி.டி.எஸ். 1% என்கிறார்களே, அது கூடுதல் செலவா?

இல்லை. 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு, விற்பவருக்குத் தர வேண்டிய விலையிலிருந்து 1% பிடித்து அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டும். ஒரு கோடியில் ஒரு லட்சம். பணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கட்டும் பொறுப்பும், தாமதமானால் வட்டியும் உங்களுடையது.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1% பொருந்தாது. பிடிக்க வேண்டியது பல மடங்கு அதிகம். சென்னையில் பெரிய விலை வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பவர் வாங்கிய உறவினர் இங்கே பேசிக்கொண்டிருப்பார். சொந்தக்காரர் எங்கே வசிக்கிறார் என்பதை முதல் நாளே கேளுங்கள். குறைந்த வரிப் பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரித் துறையிடமிருந்து வாங்கித் தர வேண்டியது அவர் வேலை. அது வரக் காலதாமதம் ஆகும்.

கைப்பணத்துக்கு பி.எஃப்., நகை, சீட்டு, பர்சனல் லோன் எதை எடுக்கலாம்?

பர்சனல் லோனை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வட்டி அதிகம் என்பது ஒன்று. அதைவிட, அதன் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு, வீட்டுக் கடன் தகுதியே குறையும். ஒரு லட்ச வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை 868 ரூபாய். பர்சனல் லோனுக்காக மாதம் 20,000 கட்டினால், கிட்டத்தட்ட 23 லட்ச வீட்டுக் கடனுக்கான இடத்தை அது விழுங்கிவிடும்.

பி.எஃப்.-இலிருந்து வீடு வாங்க எடுக்க வழி உண்டு. திருப்பிக் கட்ட வேண்டாம் என்பதால் இலகுவாகத் தோன்றும். நாற்பது வயதுக்காரர் மொத்தத்தையும் துடைத்து எடுத்தால், ஓய்வுக் காலத்துக்கு என்று இருந்த ஒரே கட்டாயச் சேமிப்பும் சுவருக்குள் போய்விடும். ஒரு பகுதி எடுங்கள், முழுதும் வேண்டாம்.

நகை விஷயத்தில் வீட்டுக்கு வீடு மனம் வேறு. பெட்டியில் கிடக்கும், யாரும் அணியாத நகையை விற்பது தவறே இல்லை. அடகு வைத்துப் பணம் புரட்டினால் அதுவும் ஒரு கடன்தான். வீட்டுத் தவணையோடு அதையும் மீட்க முடியுமா என்று பாருங்கள். அம்மாவின் நகையாக இருந்தால், மீட்கும் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

சீட்டு போடுபவர்கள் பதிவு பெற்ற நிறுவனத்தில் மட்டும் போடுங்கள். தெரிந்த அக்கா நடத்தும் சீட்டில் வீட்டுக்கான பணத்தை வைக்க வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். நடுவில் யாரோ ஒருவர் கட்டாமல் போனாலும் உங்கள் பதிவுத் தேதி நிற்காது.

அப்பா பத்து லட்சம் தருகிறார். வரி உண்டா?

பெற்றோர் பிள்ளைக்குத் தரும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. வங்கிக் கணக்கு வழியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சின்ன அன்பளிப்புக் கடிதமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும்போது அதைக் காட்டினால் போதும்.

முடிந்தால் 25 சதவிகிதத்துக்கு மேலேயே போடலாமா?

10 லட்சம் கூடுதலாகப் போட்டால் மாதத் தவணை 8,680 குறையும். 20 வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 10.8 லட்சம் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து லட்சம்தான் உங்கள் கடைசிப் பத்து லட்சம் என்றால், போடாதீர்கள்.

மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் போடக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் வீடும் தவணையும் பழகிய பிறகு, உபரியை அசலில் கட்டலாம். கட்டியதைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். சேமிப்பைக் கடன் கணக்கிலேயே போட்டுவைத்து வேண்டும்போது எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனும் சில வங்கிகளில் இருக்கிறது. கையில் கொஞ்சம் உபரி உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்ச வேண்டும்?

குறைந்தது ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும். 75 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 65,000. அதுவே ஆறு மாதத்துக்கு 3.9 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 40,000 என்றால் இன்னொரு 2.4 லட்சம். ஐ.டி. வேலையில் இருவரும் இருக்கும் வீடு என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். ஒரே துறையில் ஆட்குறைப்பு வந்தால் இருவரையும் ஒரே நேரத்தில் பாதிக்கலாம். இந்தப் பணம் கைப்பணக் கணக்கில் சேராது, சேரவும் கூடாது.

கடனோடு சேர்த்து ஒரே தவணைக் காப்பீடு ஒன்றை வங்கியில் எடுக்கச் சொல்வார்கள். கட்டாயம் என்பது போலப் பேசுவார்கள். அதை அவர்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடன் தொகைக்கு ஈடாகத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். குடும்பத்துக்காக இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பது?

பழைய வீட்டுக்கு முதலில் டோக்கனாக ஒரு லட்சம், அக்ரிமென்ட் போடும்போது பத்து சதவிகிதத்துக்குள். வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா நகலை வக்கீல் பார்த்த பிறகு மட்டும். "வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் குறை இருந்தாலோ அட்வான்ஸ் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி அக்ரிமென்டில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கட்டுநரிடம் வாங்கும்போது, வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமே உங்களைக் காக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது.

பதிவு நாளன்று பணம் எப்படித் தயாராக இருக்க வேண்டும்?

இங்கேதான் நன்றாகத் திட்டமிட்டவர்களும் தடுமாறுகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஆன்லைனில் கட்டும் தொகை. 9 லட்சத்தை ஒரே நாளில் அனுப்ப உங்கள் நெட் பேங்கிங் வரம்பு இடம் தருகிறதா? பலருடைய கணக்கில் அது ஐந்து லட்சம்தான் இருக்கும். வரம்பை உயர்த்தினால் சில வங்கிகளில் உடனே அமலுக்கும் வராது. பதிவு அலுவலக வாசலில் டோக்கன் எண் நெருங்கிக்கொண்டிருக்க, விற்பவர் ஒரு பக்கம், டி.டி.யோடு வந்த வங்கி ஆள் ஒரு பக்கம், பணம் போகவில்லை என்று போனைத் தட்டிக்கொண்டிருப்பது கொடுமை. ஒரு வாரத்துக்கு முன்பே வரம்பை உயர்த்துங்கள். ஃபிக்சட் டெபாசிட்டையும் அப்போதே முடித்துச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

வங்கி தன் பங்கை விடுவிப்பதற்கு முன் உங்கள் பங்கு 25 லட்சம் விற்பவருக்குப் போனதற்கான ஆதாரத்தைக் கேட்கும். அந்த ரசீதுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இவ்வளவு சேர்க்க எத்தனை வருடம் ஆகும்?

கையில் ஒன்றும் இல்லாமல், ஐந்து வருடத்தில் 38 லட்சம் சேர்க்க, 7% வட்டி தரும் ஆர்.டி.யில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) மாதம் சுமார் 53,000 போட வேண்டும். ஏற்கெனவே 12 லட்சம் இருந்தால் அது 17 லட்சமாக வளரும். மாதம் 29,000 போதும். வட்டிக்கு வரி உண்டு என்பதால் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்.

ஆனால் வீடு அதுவரை ஒரு கோடியிலேயே நிற்காது. வருடம் 5% ஏறினால் ஐந்து வருடத்தில் அது சுமார் 1.28 கோடி. அதற்குத் தேவைப்படும் கைப்பணம், பழைய வீடு என்றால், சில்லறைச் செலவுக்கு முன்பே 43 லட்சத்துக்கு மேல். எனவே இலக்கை வருடத்துக்கு ஒரு முறை மாற்றி எழுதுங்கள். சம்பள உயர்வு வரும்போதெல்லாம் ஆர்.டி. தொகையையும் உயர்த்துங்கள். வாங்க இன்னும் மூன்று வருடத்துக்குள்தான் இருக்கிறது என்றால் பங்குச் சந்தைப் பக்கம் இந்தப் பணத்தைக் கொண்டுபோக வேண்டாம். பதிவுத் தேதி சந்தை ஏறும்வரை காத்திருக்காது.

அதற்குள் விலை கைக்கு எட்டாமல் போய்விட்டால்? இப்போதே எப்படியாவது வாங்கிவிடலாமா?

"எப்படியாவது" என்ற சொல் வந்துவிட்டால் விலையைக் குறையுங்கள், அவசரத்தைக் கூட்டாதீர்கள். 34 லட்சத்தை இழுத்துப் பிடித்து ஒரு கோடி வீடு வாங்குபவர், 75 லட்ச வீட்டைச் சுமார் 22 லட்சத்தில் வாங்கலாம். 60 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் 52,000. மீதி 12 லட்சம் கையில் இருக்கும். பெருங்களத்தூர், ஆவடி என்று கொஞ்சம் தள்ளிப் போக வேண்டியிருக்கலாம். ரயில் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

பள்ளி, வேலை, வயதான பெற்றோர் காரணமாக இடத்தை விட முடியாது என்றால், அதே பகுதியில் சின்ன பிளாட்டோ கொஞ்சம் பழைய கட்டடமோ பாருங்கள். பழைய கட்டடத்தில் நிலத்தின் பாகம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால், இன்னும் இரண்டு வருடம் வாடகையில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. வீட்டு உரிமையாளரிடம் பேசி வாடகை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு, ஆர்.டி.யைத் தொடருங்கள்.